டோன் கொடுங்க சார்

ஃபேக்ஸ் மெஷினின் குட்டித் திரையில் 'கம்யூனிகேஷன் எரர்' என்று வந்ததும் தில்லி அலுவலகங்களில் நடக்கும் வைத்தியம் அநேகமாக ஒரே மாதிரிதான். முதலில் மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். அடுத்து டெலிபோன் வயரைப் பிடுங்கி, வாயால் ஊதி, திரும்பச் செருகுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பியூன் ரிசீவரைத் தூக்கி அதே எண்ணை அழுத்துவார். மறுமுனையில் யாராவது எடுத்ததும் "பாயி சாப், ஃபேக்ஸ் டோன் தீஜியே" என்பார். நம்மூரில் அது "டோன் கொடுங்க சார்". அங்கே அவர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்த, கீச்சென்று ஓர் ஓசை வர, இங்கே இவரும் ஸ்டார்ட்டை அழுத்த, காகிதம் மெல்ல உள்ளே நகர ஆரம்பிக்கும்.

முதல் இரண்டும் நம்பிக்கை சார்ந்தவை. மூன்றாவது சுத்தமான அறிவியல்.

ஏனென்றால், ஃபேக்ஸ் காட்டும் பிழைச் செய்தி நோயின் பெயர் அல்ல. இரண்டு மெஷின்கள் கம்பியில் பேசிக்கொண்டிருந்தன. பேச்சு எங்கே அறுந்ததோ அந்த இடத்தை மட்டும் அது சொல்கிறது. ஏன் அறுந்தது என்பது அதற்கே தெரியாது. ஆனால் நமக்குத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வைஃபை ஏன் போனது என்று காதை வைத்துக் கேட்க முடியாது. ஃபேக்ஸில் முடியும். அது பேசுவதெல்லாம் மனிதக் காதுக்கு எட்டும் ஓசைகளில்தான், டெலிபோன் கம்பிக்குத் தெரிந்தது அது ஒன்றே என்பதால்.

இன்னுமா ஃபேக்ஸ் என்று கேட்பவர்கள் தில்லியில் ஏதாவது ஓர் அமைச்சகத்தின் கடிதத் தலைப்பைப் பார்க்கட்டும். 011 என்று தொடங்கும் ஃபேக்ஸ் எண் மின்னஞ்சல் முகவரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் பல கடிதங்களில் காணலாம். நாம் மட்டுமில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் புதிதாக ஃபேக்ஸ் வாங்கக் கூடாது என்று தடை வந்ததே 2019 ஜனவரியில்தான். ஜப்பானில் 2021இல் அரசு அலுவலகங்களிலிருந்து ஃபேக்ஸை விரட்டப் பார்த்தார்கள். அலுவலகங்கள் போட்ட கூச்சலில் அரசே பின்வாங்கிவிட்டது. இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் கண்ணை மூடியது. கிட்டத்தட்ட அதன் வயதேயான ஃபேக்ஸ் இன்னும் நடமாடுகிறது.

வயதைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளி அலெக்ஸாண்டர் பெய்ன், ஊசல்களைக் கொண்டு படத்தைக் கம்பியில் அனுப்பும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியது 1843இல். இத்தாலியரான ஜியோவன்னி காசெல்லியின் கருவி 1865இல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே பொதுமக்களுக்கே சேவை செய்தது. கிரகாம் பெல்லின் டெலிபோன் காப்புரிமை 1876. ஆக, ஃபேக்ஸ் பிறந்து 33 ஆண்டு கழித்துத்தான் அது இன்று ஓடும் கம்பிக்கு உரிய டெலிபோன் பிறந்திருக்கிறது. பெட்டிக்கடைப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் 'ஃபேக்ஸ், ஜெராக்ஸ்' என்று மஞ்சள் பலகை தொங்கும் அளவுக்கு அது பரவியதற்குக் காரணம் 1980இல் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு கொண்டுவந்த 'குரூப் 3' தரம். எந்தக் கம்பெனி மெஷினும் எந்தக் கம்பெனி மெஷினோடும் பேசலாம் என்று ஒரே பேச்சுமுறையை வகுத்துக் கொடுத்தார்கள். அதன் பெயர் டி.30. நேரு பிளேஸில் பழைய மெஷின் ஒன்றை வாங்கி வந்து டோக்கியோவிலுள்ள புது மெஷினுக்கு அனுப்பினாலும் இரண்டும் தடுமாறாமல் பேசிக்கொள்ளும். கணினி உலகில் இத்தனை நீண்ட ஆயுள் உள்ள ஒப்பந்தங்கள் அபூர்வம்.

இனி அந்தப் பேச்சைக் கேட்போம். மெஷினின் ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் சிக்கல் பேச்சு தொடங்கும் முன்பே வரும். பெரிய அலுவலகங்களில் ஃபேக்ஸ் நேரடி லைனில் இருக்காது. இண்டர்காம் போர்டுக்குப் பின்னால் ஓர் எக்ஸ்டென்ஷனாக இருக்கும். வெளி லைன் வேண்டுமென்றால் 0 அல்லது 9. மனிதர்கள் 9ஐ அழுத்திவிட்டு டயல் டோன் வரும்வரை தாமாகவே பொறுப்பார்கள். மெஷினுக்குப் பொறுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 9க்குப் பிறகு 'பாஸ்' பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு சின்னக் கோடு விழும், அதுதான் பொறுமை. அது இல்லாமல் மொத்த எண்ணையும் ஒரே மூச்சில் அழுத்தினால் முதல் இரண்டு மூன்று இலக்கங்களை வெளி லைன் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. யாரோ ஒருவர் வீட்டில் மணி அடிக்கும்.

லைன் கிடைத்ததும் அழைக்கும் மெஷின் 1100 ஹெர்ட்ஸில் அரை நொடி பீப், மூன்று நொடி மௌனம் என்று மாற்றி மாற்றிக் கூவும். உங்கள் மேசை போனுக்கு யாராவது தவறிப்போய் ஃபேக்ஸ் போட்டால், நீங்கள் ஹலோ ஹலோ என்று கத்த, பதிலுக்கு விட்டு விட்டு ஒரு பீப் மட்டும் கேட்குமே, அதுவேதான். எதிர்முனை மெஷின் எடுத்தவுடன் 2100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ மூன்று நொடி நீளமாகக் கீச்சிடும். பியூன் கேட்டு வாங்கும் 'டோன்' இது.

இந்த 2100 ஹெர்ட்ஸ் ஓசை எதிர்முனை மெஷினுக்கு மட்டும் சொல்லப்படுவதல்ல. நடுவிலிருக்கும் டெலிபோன் நெட்வொர்க்கும் அதை ஒட்டுக்கேட்கிறது. தொலைதூரப் பேச்சில் நம் குரல் நமக்கே எதிரொலிக்காமல் இருக்க எக்ஸ்சேஞ்சுகளில் எதிரொலியை விழுங்கும் சாதனங்கள் உண்டு. மனிதப் பேச்சுக்கு அவை வரம். மெஷின்களின் பேச்சுக்குச் சாபம், ஏனென்றால் நல்ல சிக்னலையும் எதிரொலி என்று நினைத்து மென்றுவிடும். 2100 ஹெர்ட்ஸ் கேட்டால் 'இனி பேசப்போவது மனிதர்கள் இல்லை, ஒதுங்கிக்கொள்' என்று அந்தச் சாதனங்களுக்குப் பொருள். அந்தக் கீச்சைக் கேட்டு முகம் சுளிக்காதவர் இல்லை. ஆனால் கண்டம் தாண்டி வழி விடச் செய்யும் கீச்சு அது.

அழைக்கும் மெஷின் பதிலுக்காகச் சுமார் 35 நொடி காத்திருக்கும். அதற்குள் முறையான பதில் வரவில்லை என்றால் கையை விரித்துவிடும். கேனான் மெஷின்களில் #0005 என்று வரும். வேறு கம்பெனிகளில் 'நோ ஃபேக்ஸ் ரிப்ளை', 'நோ ரெஸ்பான்ஸ்' என்று ஏதோ ஒன்று. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: போன் போனது, ஃபேக்ஸ் எடுக்கவில்லை. மறுமுனை 'டெல்' நிலையில் வைக்கப்பட்டு, ஆள் வந்து ஸ்டார்ட்டை அழுத்தினால்தான் கீச்சிடும்படி இருக்கலாம். வெளிநாட்டு அழைப்பாக இருந்தால் இணைப்பு கிடைக்கவே பாதி நேரம் ஓடியிருக்கலாம். அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. எண்ணின் கடைசியில் இரண்டு மூன்று 'பாஸ்' சேர்த்துவிட்டால், மெஷின் இன்னும் டயல் செய்துகொண்டிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். 35 நொடிக் கடிகாரம் தாமதமாக ஓடத் தொடங்கும்.

கீச்சுக்குப் பின் ஒரு குடகுடப்பு கேட்கும். நொடிக்கு 300 பிட் வேகம், 1650, 1850 என்று இரண்டே சுருதிகள். அவசரமே இல்லாத இந்த வேகத்தில்தான் அறிமுகம் நடக்கிறது. எதிர்முனை தன் எண்ணைச் சொல்கிறது. உங்கள் திரையில் அந்த எண் ஓடும். எந்த அளவுக் காகிதம், எந்த வேகம், பிழை திருத்தும் வசதி உண்டா என்று தன் சாமர்த்தியங்களை அடுக்குகிறது. அனுப்பும் மெஷின் 'சரி, இப்படிச் செய்வோம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட்டு, ஒன்றரை நொடிக்கு வெறும் பூஜ்யங்களை முழு வேகத்தில் அனுப்பிப் பார்க்கிறது. பூஜ்யங்கள் சிதறாமல் போய்ச் சேர்ந்தால் 'அனுப்பு' என்று பச்சைக்கொடி. சிதறினால் 'முடியாது' என்று பதில். உடனே 14400 என்பது 12000, பிறகு 9600, 7200, 4800, கடைசியில் 2400 என்று சரோஜினி நகர் மார்க்கெட்டில் விலை இறங்குகிற மாதிரி வேகம் இறங்கும். இந்தப் பேரத்தை ஸ்பீக்கரில் தெளிவாகவே கேட்கலாம்: கரகரவென்று ஓர் இரைச்சல், உடனே குடகுடப்பு, மறுபடி இரைச்சல், மறுபடி குடகுடப்பு. இரைச்சல் ஒரே தடவையோடு நின்று பக்கம் நகர்ந்தால் லைன் சுத்தம். நாலைந்து தடவை திரும்பத் திரும்ப வந்தால் பழுது கம்பியில். மெஷினைத் தட்டிப் பிரயோஜனமில்லை.

அந்த இரைச்சல் என்பது என்ன? 9600 வேகத்தில் 1700 ஹெர்ட்ஸ் அலை ஒன்றை நொடிக்கு 2400 முறை திருகுகிறார்கள். ஒவ்வொரு திருகலும் 16 நிலைகளில் ஒன்றாக இருக்கலாம்; எனவே ஒரு திருகலில் நான்கு பிட் அடங்கும். 2400ஐ நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். டெலிபோன் கம்பி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகக் கடத்தும். மனிதக் குரலுக்கென்று வெட்டிய அந்தச் சின்ன வாய்க்காலில் இவ்வளவு தண்ணீரை ஓட்டுகிறார்கள். பதினாறு நிலைகளும் நெருங்கி நெருங்கி இருப்பதால் கொஞ்சம் சத்தம் கலந்தாலும் ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிடும். ஜூலையில் தில்லியில் மழை பிடித்ததும் தரைக்கடியிலுள்ள செப்புக் கேபிளின் இணைப்புகளில் ஈரம் ஏறும். அப்போது குரலில் லேசான கரகரப்புத்தான் தெரியும், பேசுகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஃபேக்ஸ் பொறுக்காது. லைன்மேன் வந்து போனைக் காதில் வைத்து "டீக் ஹை" என்று சொல்லிவிட்டுப் போன பிறகும் ஃபேக்ஸ் போகாமலிருப்பதன் ரகசியம் இதுதான். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் காதுக்கு டீக்தான்.

சரி, பச்சைக்கொடி கிடைத்துவிட்டது. இனிப் பக்கம்.

மெஷின் பக்கத்தைப் படம் என்றே பார்க்கிறது. எழுத்து, தமிழ், இந்தி, ரூபாய் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு கிடைக்கோட்டில் 1728 புள்ளிகள். சாதாரணத் தரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 கோடுகள். ஏ4 தாள் ஒன்றில் ஏறத்தாழ இருபது லட்சம் புள்ளிகள் வரும். ஒவ்வொன்றையும் கறுப்பு, வெள்ளை என்று சொல்லிக்கொண்டே போனால் 9600 வேகத்தில் மூன்றரை நிமிடம் ஆகும். எஸ்.டி.டி. கட்டணக் காலத்தில் அது கட்டுப்படியாகுமா? அதனால் 'இத்தனை வெள்ளை, இத்தனை கறுப்பு, மறுபடி இத்தனை வெள்ளை' என்று ஓட்டங்களை மட்டும் எண்ணிச் சொல்கிறது. எதுவுமே எழுதாத ஒரு வெள்ளைக் கோட்டின் 1728 புள்ளிகளையும் 17 பிட்டில் சொல்லி முடித்துவிடும், கோடு முடிந்ததென்ற குறி தனி. கறுப்பில் மிகச் சிறிய குறியீடுகள் எவற்றுக்கு என்று பார்த்தால், இரண்டு புள்ளி நீள ஓட்டத்துக்கும் மூன்று புள்ளி நீள ஓட்டத்துக்கும். தலா இரண்டே பிட். டைப் எழுத்தின் கோட்டுத் தடிமன் பெரும்பாலும் அந்த அளவில்தான் வரும் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்த சலுகை அது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விவரம் இந்த இரண்டு பிட்தான்.

தமிழ் எழுத்துக்கு வேறு ஒரு தொல்லை உண்டு, பிழைச் செய்தியே வராத தொல்லை. சாதாரணத் தரத்தில் கோட்டுக்குக் கோடு கால் மில்லிமீட்டர் இடைவெளி. பத்துப் பாயிண்ட் எழுத்தின் உடம்பு இரண்டு மில்லிமீட்டர். அதன் உயரத்தில் எட்டே கோடுகள் விழும். அதற்குள் 'ண'வின் மூன்று சுழியும் 'ன'வின் இரண்டு சுழியும் தனித்தனியே தெரிய வேண்டும். மெய்யெழுத்தின் தலையிலிருக்கும் புள்ளி இரண்டு கோடுகளுக்கு நடுவே விழுந்தால் மங்கிப்போகும், அல்லது காணாமலே போகும். மெஷின் 'ஓகே' என்று சீட்டு அச்சடிக்கும். தில்லிக்கு வந்து சேர்ந்த தமிழ்ப் பக்கத்தில் புள்ளி மட்டும் வந்திருக்காது. 'ஃபைன்' பொத்தானை அழுத்தினால் கோடுகள் மில்லிமீட்டருக்கு 7.7 ஆகும், நேரமும் கூடும். தமிழில் அனுப்புகிறவர்கள் அந்தப் பொத்தானை அழுத்தியே வைத்துக்கொள்வது நல்லது.

பக்கம் போய்ச் சேர்கிறது, ஆனால் கோடுகளோடு என்றால், அந்தக் கோடுகளும் பேசும். உச்சியிலிருந்து அடிவரை நேராக ஒரு கறுப்புச் செங்குத்துக் கோடு ஓடினால் அது கம்பியின் பழுதே இல்லை. ஃபேக்ஸில் காகிதம் நகரும். படிக்கும் கண் ஒரே இடத்தில் நிற்கும். கண்ணுக்கு முன்னாலிருக்கும் ஒல்லியான கண்ணாடிப் பட்டையில் ஒரு தூசி ஒட்டிக்கொண்டால், அதைக் கடந்துபோகும் ஒவ்வொரு கோட்டிலும் அதே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். எல்லாம் சேர்ந்து நெடுங்கோடாகிவிடும். தில்லியில் மே, ஜூன் புழுதிக்காற்றுக்கு அலமாரிக்குள் இருக்கும் கோப்பே தப்பாது. ஆனால் என் அனுபவத்தில் அதிகக் குற்றவாளி, காயாத வொயிட்னர். தப்பைத் திருத்தி, ஈரம் உலர்வதற்குள் தாளை மெஷினில் விடுகிற அவசரக்காரர்கள் கண்ணாடியில் ஒரு சிறு வெண்கறையைப் பூசிவிடுவார்கள். கிடையாக, பட்டை பட்டையாக அழிந்தும் நெளிந்தும் வந்தால் அது கம்பியின் வேலை. ஓட்டக் கணக்கில் ஒரு பிட் தவறினால் அந்தக் கோட்டின் மிச்சம் முழுவதும் குழம்பும், அடுத்த கோடு தொடங்கும் குறி வரும்வரை. செங்குத்து என்றால் கண்ணாடி, கிடை என்றால் கம்பி. சந்தேகமிருந்தால் அதே மெஷினில் ஒரு காப்பி எடுத்துப் பாருங்கள். காப்பியிலும் கோடு இருந்தால் வீட்டுக்குள்ளேயே பழுது; காப்பி சுத்தமாக இருந்தால் கம்பியையோ எதிர்முனையையோ சந்தேகிக்கலாம். ரிப்பேர்க்காரர் வந்ததும் முதலில் இதைத்தான் செய்வார்.

கிடைப் பட்டைகளைத் தடுக்கவே பிற்கால மெஷின்களில் பிழை திருத்தும் முறை வந்தது. பக்கத்தை 256 பைட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்க்கும் எண்ணைச் சேர்த்து அனுப்பும். எதிர்முனை எந்தெந்தத் துண்டு கெட்டுப்போனது என்று பட்டியல் திருப்பி அனுப்பும். அவற்றை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். நல்ல லைனில் இது அற்புதம். ஆனால் பல தில்லி அலுவலகங்களில் இப்போது செப்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது, அங்கேதான் புதுக் கூத்து. ஃபைபரில் குரல் ஓடையாகப் போவதில்லை. பெரும்பாலும் 20 மில்லி நொடிப் பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலம் தொலைந்தால் காது கவனிக்காது. 9600 வேக ஃபேக்ஸுக்கு ஒரே அடியில் 192 பிட் போய்விடும். போதாக்குறைக்கு, சில இணைப்புகளில் குரலை நொடிக்கு 8000 பிட்டாகச் சுருக்குகிறார்கள், மனிதத் தொண்டையின் இயல்பை வைத்துக்கொண்டு. 9600 பிட் விஷயத்தை 8000 பிட்டில் எப்படி அடைப்பது? அடையாது. இணைப்பு புதுசு, வேகம் பிரமாதம், குரல் மணிமணியாகக் கேட்கிறது, ஃபேக்ஸ் மட்டும் பாதிப் பக்கத்தில் செத்துப்போகிறது என்று புலம்புகிறவர்களின் கதை இதுதான். கெட்ட துண்டுகளை மறுபடி கேட்டு, அவையும் கெட்டு, மறுபடி கேட்டு, கடைசியில் 'கம்யூனிகேஷன் எரர்'. இதற்கு மெனுவில் வழி இருக்கிறது. பிரதர் மெஷின்களில் 'பேசிக், ஃபார் வாய்ப்', அதாவது இணையவழிக் குரலுக்கு, என்றே ஓர் அமைப்பு உண்டு. வேகத்தைக் குறைத்து, பிழை திருத்தத்தையும் நிறுத்திவிடும். திருத்தத்தை நிறுத்துவது தலைகீழ் வைத்தியமாகத் தோன்றும். ஆனால் வராத சுத்தமான பக்கத்தைவிட, இரண்டு கோடு அழிந்து வந்த முழுப் பக்கம் மேல் இல்லையா? டெலிபோன் கம்பெனி 'டி.38' என்னும் முறையைத் திறந்துவிட்டால் இந்த அவதியே வேண்டாம். ஓசையை ஓசையாக அனுப்பாமல், இந்தப் பக்கமே அவிழ்த்துப் பிட்டுகளாக அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி ஓசையாக்கிவிடும். 1998 முதலே இருக்கும் முறை அது.

கடைசிக் கட்டம்தான் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. பக்கம் முடிந்ததும் அனுப்பிய மெஷின் 'முடிந்தது' என்கிறது. வாங்கிய மெஷின் 'கிடைத்தது' என்று ஒரு சின்னக் குடகுடப்பில் பதில் சொல்கிறது. அதைக் கேட்ட பிறகே இங்கே 'ஓகே' அச்சாகும். அந்தச் சின்னப் பதில் வழியில் தொலைந்தால்? அனுப்பியவர் மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு 'எரர்' என்று அறிவிப்பார். பக்கமோ அங்கே தட்டில் பத்திரமாகக் கிடக்கும். நீங்கள் மறுபடி அனுப்புவீர்கள். அங்கே ஒருவர் ஒரே கடிதத்தின் மூன்று பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் புத்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். சரி, 'கிடைத்தது' என்பதற்கு ஒரு 'கிடைத்தது' அனுப்பலாமே என்றால், அதுவும் தொலையலாம். நம்ப முடியாத கம்பி வழியே எத்தனை ஒப்புகை பரிமாறிக்கொண்டாலும் இரு தரப்புக்கும் ஒருசேர முழு நிச்சயம் வராது. இது சலிப்பில் சொல்லும் பேச்சல்ல, கணித உண்மை. அக்கோயுன்லு, கே. ஏகநாதம், ஹியூபர் ஆகிய மூவர் 1975இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இந்தச் சிக்கல் முதலில் வந்தது. கணினி விஞ்ஞானி ஜிம் கிரே 1978இல் அதற்கு 'இரண்டு தளபதிகள்' என்று பெயர் வைத்தார். இரு குன்றுகளில் நிற்கும் இரண்டு தளபதிகள், நடுவே எதிரிப் பள்ளத்தாக்கு வழியே தூதர்களை அனுப்பித் தாக்கும் நேரத்தை முடிவு செய்ய முயல்கிற கதை.

ஆனால் சட்டம் முழு நிச்சயம் வரும்வரை காத்திருக்க முடியாது. தில்லியிலுள்ள உச்ச நீதிமன்றத்தின் முன் 1999இல் வந்த வழக்கு அப்படிப்பட்டது. பெங்களூரைச் சேர்ந்த ஒரு பட்டு ஏற்றுமதி நிறுவனம், எஸ்.ஐ.எல். இம்போர்ட் என்ற அமெரிக்க நிறுவனம் கொடுத்த காசோலை திரும்பியதும், பணம் கேட்டு 1996 ஜூன் 11 அன்று ஃபேக்ஸில் நோட்டீஸ் அனுப்பியது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் பதிவுத் தபாலிலும் அனுப்பியது. தபால் போய்ச் சேர்ந்தது ஜூன் 25. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் கணக்கு. புகார் ஆகஸ்ட் 8 அன்று கொடுக்கப்பட்டது. தபால் தேதியிலிருந்து எண்ணினால் நேரத்துக்குள். ஃபேக்ஸ் தேதியிலிருந்து எண்ணினால் காலம் கடந்தது. நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய தீர்ப்பு, ஃபேக்ஸும் எழுத்து நோட்டீஸ்தான், காலம் அன்றே ஓடத் தொடங்கிவிட்டது என்றது. அவசரத்துக்கு அனுப்பிய ஃபேக்ஸே அனுப்பியவரின் வழக்கைத் தள்ளுபடியாக்கிவிட்டது.

அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது என் மனம் பக்கத்தின் உச்சியிலிருக்கும் பொடி எழுத்துக் கோட்டுக்குப் போகிறது. தேதி, நேரம், எண், பக்கம் என்று ஒவ்வொரு ஃபேக்ஸின் தலையிலும் அச்சாகும் அந்த வரியை எழுதுவது வாங்கும் மெஷின் அல்ல, அனுப்பும் மெஷின். அதன் கடிகாரம் எதைக் காட்டுகிறதோ அதுதான் தேதி. பழைய மெஷின்களில் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு தேதி ஏதோ ஒரு ஜனவரி 1க்குப் போய்விடும். யாரும் திருத்த மாட்டார்கள். தெர்மல் தாளில் வந்த பக்கமோ சூட்டில் கறுக்கும், நாள்பட வெளுக்கும். தில்லி கோடையில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் மொத்தமும் கறுத்திருக்கும். ஆகவே ஃபேக்ஸ் வந்ததும் ஜெராக்ஸ் எடுத்து அதைக் கோப்பில் சேர்ப்பது அலுவலகங்களின் எழுதாத சட்டம்.

ஃபேக்ஸ் கிடைத்ததா என்ற கேள்வி ஒரு சட்டமன்றத்தையே சுற்றிச்சுற்றி வந்தது 2018 நவம்பர் 21 அன்று. ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு காஷ்மீரின் முன்னாள் முதல்வர் மெஹபூபா முஃப்தி, தேசிய மாநாட்டுக் கட்சி, காங்கிரஸ் ஆகியவற்றின் ஆதரவோடு தமக்கு 56 உறுப்பினர்கள் இருப்பதாகச் சொல்லி ஆட்சி அமைக்க உரிமை கோரும் கடிதத்தை ஜம்மு ராஜ்பவனுக்கு ஃபேக்ஸ் செய்ய முயன்றார். போகவில்லை. கடிதத்தை அப்படியே ட்விட்டரில் போட்டார். போட்டிக்கு உரிமை கோரிய சஜ்ஜாத் லோன் வாட்ஸப்பில் அனுப்பினார். அன்றிரவே ஆளுநர் சத்யபால் மாலிக் சட்டமன்றத்தைக் கலைத்தார். மறுநாள் ஃபேக்ஸைப் பற்றிக் கேட்டதற்கு, மிலாதுநபி விடுமுறை, மெஷினைக் கவனிக்க ஆள் இல்லை, சமையல்காரர்கூட இல்லை என்றார். கலைப்பு உத்தரவை வெளியே அனுப்பும், ஆனால் எதையும் உள்ளே வாங்காத ஒருவழி ஃபேக்ஸ் என்று தேசிய மாநாட்டுக் கட்சியின் உமர் அப்துல்லா கேலி செய்தார்.

ஃபேக்ஸ் வாங்க ஆள் தேவையா? தானியங்கி நிலையில் வைத்திருந்தால் தேவையில்லை. மணி அடித்ததும் தானே எடுக்கும், தானே கீச்சிடும், தாள் தீர்ந்துபோனாலும் நினைவகத்தில் நிரம்பும்வரை வாங்கி வைக்கும். காலியான அறையில் இரவு முழுக்கப் பத்துக் கடிதம் வாங்கக் கூடிய கருவி அது. ஆள் தேவைப்படுவது 'டெல்' நிலையில் இருக்கும்போது. அல்லது நினைவகமே இல்லாத மெஷினில் தாள் தீர்ந்தபோது. அல்லது போகும்போது யாரோ சுவிட்சை அணைத்துவிட்டுப் போனபோது. மூன்றுக்கும் ஸ்ரீநகர்த் திரையில் வெவ்வேறு செய்தி வராது. மணி அடிக்கும், 35 நொடி ஓடும், பதில் இல்லை என்று வரும். எங்கே அறுந்தது என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. "டோன் கொடுங்க" என்று கேட்க மறுமுனையில் ஒருவர் போனை எடுத்தாக வேண்டும். மெஹபூபா போனிலும் முயன்றதாகவும் ஆளுநர் கிடைக்கவில்லை என்றும் அதே ட்விட்டர் பதிவில் எழுதியிருந்தார். ஃபேக்ஸ் கைக்கு வந்திருந்தாலும் தன் முடிவு அதுவாகவே இருந்திருக்கும் என்று மாலிக் சொன்னார்.